பேசும் படவில்லைகளைக் காணொளியாக்க ஏற்ற மென்பொருள் எது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

பாடத்தைப் படவில்லைகளாக அமைத்து, ஒவ்வொரு வில்லைக்கும் உரிய விளக்கத்தைக் குரலில் பதிந்து வைப்பது இன்று ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் பரவிவிட்ட பழக்கமாகும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வாறு உருவான பாடங்கள் ஏராளம். ஆனால் அவற்றைத் திறந்து கேட்கக் கணிப்பொறி ஒன்று வேண்டும். அதில் உரிய மென்பொருளும் வேண்டும். நம்மில் பலரிடம் இருப்பதோ கைப்பேசி ஒன்றுதான். ஆகவே பேசும் படவில்லைகளைக் காணொளிக் கோப்பாக மாற்ற வேண்டிய தேவை எழுகிறது. மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் எதைத் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் கணிப்பொறித் துறை மாணவன் அல்லேன். பட்டுத் தெரிந்துகொண்டதையே தோழர்கள் முன் வைக்கிறேன்.

இத்தேடலில் இறங்கிய காரணம்

எங்கள் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், புதுச்சேரி வரலாற்றைப் பற்றிய பாடமொன்றை 42 படவில்லைகளில் அமைத்துத் தம் குரலிலேயே விளக்கம் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் 40 நிமிடம். கீழூர் வாக்கெடுப்பையும், 1954 நவம்பர் 1 அன்று நடந்த ஆட்சி மாற்றத்தையும், 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறிய சட்டப்படியான இணைப்பையும் அவர் விளக்கும் முறை நூல்களில் கிடைக்காதது. இன்று ஐயாவின் தொண்டை நலிவுற்றிருக்கிறது. நீண்ட நேரம் பேச வேண்டாமென்பது மருத்துவரின் அறிவுரை. எனவே அக்குரலை மறுமுறை பதிய வழியில்லை.

என் வகுப்பு நண்பன் ஒருவன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரவுப் பணி செய்துகொண்டே படிக்கிறான். விடியற்காலை பணி முடித்து லாஸ்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் முதல் இரண்டு வகுப்புகள் முடிந்துவிடும். பருவத் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. அவனிடம் கணிப்பொறி இல்லை. பழைய கைப்பேசி ஒன்று மட்டுமே உண்டு. ஐயாவின் பாடத்தை அவன் இரவு உணவு இடைவேளையில் கேட்கும்படி செய்துவிட வேண்டும் என்று எண்ணினேன். ஐயாவின் வீட்டிற்குச் சென்று அனுமதி கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோப்பா. ஆனா பாதியை வெட்டிடாதே" என்றார்.

முதல் தோல்விகள்

இலவசம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மாற்று மென்பொருள் ஒன்றை நிறுவி, கோப்பைக் கொடுத்தேன். சில நிமிடங்களில் காணொளி வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு நண்பனுக்கு அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது: "படம் ஓடுதுடா. ஐயா குரல்தான் வரல."

திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. 40 நிமிடப் பாடம் மூன்றரை நிமிடத்தில் முடிந்துபோயிருந்தது! அம்மென்பொருள் ஒவ்வொரு வில்லையையும் வெறும் படமாகக் கருதி ஐந்து வினாடி காட்டியிருக்கிறது. 42 வில்லைக்கு 210 வினாடி. குரல் என்று ஒன்று இருப்பதையே அது கவனிக்கவில்லை.

இரண்டாவதாக முயன்ற மென்பொருள் குரலைச் சேர்த்தது. ஆனால் படத்தின் நடுவே தன் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்து, பணம் கட்டினால் நீக்குவதாகச் சொன்னது. மூன்றாவதாக, கோப்பை இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் சேவை ஒன்றை நாடினேன். அன்றைய இணைய அளவு முழுவதும் ஏற்றுவதிலேயே தீர்ந்தது. கோப்பும் பாதியில் நின்றது. அடுத்து, என்னுடைய தவறு ஒன்று. குரலோடு கூடிய நல்ல காணொளியை உருவாக்கிவிட்டு, டபிள்யூஎம்வி என்னும் கோப்பு வகையில் சேமித்துவிட்டேன். கணிப்பொறியில் ஓடியது, நண்பனின் கைப்பேசியில் திறக்கவே இல்லை. மூன்று வாரத்தில் ஒரு வாரம் இப்படிக் கழிந்தது.

இத்தோல்விகளிலிருந்து நான் கற்றது ஒன்றே. மென்பொருளின் சிறப்புகளைப் படித்து அதைத் தேர்ந்தெடுக்கலாகாது. கேட்கப்போகிறவரின் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

காணொளிக் கோப்பு என்பது யாது?

தேர்வு செய்யுமுன் அடிப்படை ஒன்றை அறிவது நலம். எம்பி4 என்பது ஒரு பெட்டி போன்றது. அப்பெட்டிக்குள் படம் தனியாகவும் ஒலி தனியாகவும் இருக்கின்றன. படத்தைச் சுருக்கி வைக்கும் முறைகளுள் மிகப் பரவியது 2003-இல் வெளியான எச்.264 என்னும் தரமுறை. ஒலிக்குப் பரவலாக வழங்குவது ஏஏசி என்பது. இவ்விரண்டும் உள்ள எம்பி4 கோப்பை ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளும் படிக்கும். பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே வேறு முறை இருந்தால், படம் வந்து ஒலி வராமலும், ஒலி வந்து படம் வராமலும் போகலாம்.

எச்.264 முறை ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டையே பெரிதும் குறித்து வைக்கிறது. படவில்லையோ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும் பொருள். வேறுபாடு இல்லாததால் அதற்கு மிகக் குறைந்த இடமே போதும். எனவே திரைப்படத்திற்குரிய அளவை வில்லைப் பாடத்திற்கும் கொடுக்கும் மென்பொருள் இடத்தை வீணாக்குகிறது.

இதை எளிய கணக்கால் காணலாம். 40 நிமிடம் என்பது 2400 வினாடி. வினாடிக்கு 2000 கிலோபிட் என்று வைத்தால், எட்டால் வகுக்க, கோப்பு 600 எம்பி ஆகிறது. வினாடிக்கு 320 கிலோபிட் போதுமென்றால் 96 எம்பி. பேச்சுக்குரல் மட்டும் வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் தெளிவாகவே கேட்கும். அதன் பங்கு ஏறத்தாழ 19 எம்பி. நாள்தோறும் அளந்து இணையம் பயன்படுத்தும் மாணவனுக்கு 600-க்கும் 96-க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்த மென்பொருளாயினும் பின்வரும் ஐந்து கேள்விகளை அதனிடம் கேட்க வேண்டும்.

1. ஒவ்வொரு வில்லைக்கும் பதிந்த குரலும், வில்லை மாறும் நேரமும் அப்படியே வருகின்றனவா? இது முதற் கேள்வி. இதில் தவறினால் மற்ற நான்கும் வேண்டியதில்லை.

2. தமிழ் எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா? பழைய பாடங்கள் பல ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். ஐயாவின் 42 வில்லைகளில் ஆறு இத்தகையவை. ஆயினும் ஒரு நன்மை உண்டு. எழுத்துரு உள்ள கணிப்பொறியில் மாற்றிவிட்டால், எழுத்துகள் படமாகவே உறைந்துவிடும். பிறகு பார்ப்பவரின் கைப்பேசியில் எழுத்துரு தேவையில்லை.

3. எச்.264, ஏஏசி கொண்ட எம்பி4 கோப்பைத் தருகிறதா?

4. படத்தின் அளவையும் கோப்பின் எடையையும் நாம் குறைத்துக்கொள்ள இடம் தருகிறதா?

5. விலை என்ன, நிபந்தனை என்ன? நடுவே பெயர் பொறித்தல், நேர வரம்பு, பிறருடைய கணிப்பொறிக்குப் பாடத்தை ஏற்ற வேண்டிய கட்டாயம் ஆகியவை உண்டா? ஓர் ஆசிரியரின் குரலை முன்பின் அறியாத இடத்தில் ஏற்றுவதற்கு அவருடைய இசைவு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்று வழிகள்

இக்கேள்விகளை வைத்துப் பார்த்தபோது எனக்கு மூன்று வழிகள் எஞ்சின.

முதல் வழி, படவில்லை செய்த மென்பொருளையே காணொளியும் செய்யச் சொல்வது. பவர்பாயிண்ட் 1987-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. விண்டோஸில் இயங்கும் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் காணொளியாகச் சேமிக்கும் வசதி வந்தது. அப்போது டபிள்யூஎம்வி வகை மட்டும். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எம்பி4 வகையும் கிடைக்கிறது. ஏற்றுமதிப் பகுதியில் பதிந்த நேரத்தையும் குரலையும் பயன்படுத்துமாறு குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஒவ்வொரு வில்லைக்கும் ஐந்து வினாடி என்னும் கணக்கே வரும். குரலையும் நேரத்தையும் பதிந்த மென்பொருளே மாற்றுவதால் இவ்வழியில் பொருத்தம் தவறுவது அரிது. உரிமம் பெற்ற பதிப்பு கிடைக்குமாயின் முதலில் இதையே நாட வேண்டும்.

இரண்டாம் வழி, படத்தையும் குரலையும் தனித்தனியே எடுத்து நாமே கோப்பது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வழங்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கப் பொதியே. அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் இறுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், மீடியா என்னும் உறைக்குள் குரற்கோப்புகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். ஆயினும் அவற்றின் எண் வரிசையும் வில்லைகளின் வரிசையும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பலாகாது. காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வில்லைகளை லிப்ரே ஆபிஸ் இம்ப்ரஸ் போன்ற இலவச மென்பொருளின் துணையால் படங்களாக்கலாம். பின்னர் எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் ஒரு படத்தையும் அதற்குரிய குரலையும் சேர்த்து ஒரு துண்டாக்கும். துண்டுகளைக் கோத்து முழுக் காணொளியாக்கும். இது 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டும் என்பதால் தொடக்கத்தில் அச்சம் தரும். அச்சமுள்ளவர்கள் ஓபன்ஷாட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் படத்தையும் குரலையும் கையால் அடுக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நிற அமைப்பை 4:2:0 முறையில் வைக்குமாறு சொல்லிவிட வேண்டும், படத்தின் நீள அகலங்கள் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கணிப்பொறியில் ஓடும் காணொளி பல கைப்பேசிகளில் ஓடாது.

மூன்றாம் வழி, படவில்லைகளைத் திரையில் ஓடவிட்டு, திரையையும் ஒலியையும் அப்படியே பதிவு செய்வது. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. 40 நிமிடப் பாடத்திற்கு 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் வேறு செய்தி எதுவும் திரையில் தோன்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கியின் வழியாகப் பதியாமல் கணிப்பொறியின் உள் ஒலியையே பதிய வேண்டும். இல்லையேல் மின்விசிறியின் இரைச்சலும் பாடத்தில் சேர்ந்துவிடும். வழக்கமான எம்பி4 கோப்பில் உள்ளடக்கக் குறிப்பு இறுதியில் எழுதப்படுகிறது. ஆதலால் நடுவில் மின்சாரம் நின்றால் கோப்பு முழுவதுமே பயனற்றுப் போகலாம். எம்கேவி வகையில் பதிந்தால் அதுவரை பதிந்த பகுதி தப்பும். பிறகு ஓபிஎஸ் மென்பொருளிலேயே அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். படவில்லையைச் செய்த மென்பொருளில் காணொளி வசதி இல்லாதபோதும், வில்லைக்குள் அசைவுகள் மிகுந்திருக்கும்போதும் இவ்வழி கைகொடுக்கும்.

முன்னோடி ஒன்று

இம்முயற்சி நமக்குப் புதிது, நாட்டிற்குப் புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை 1984 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பெற்றது. ஆனால் நம் தேவைக்கு மிக அண்மையது, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். கணிப்பொறித் திரையில் நடப்பதையும் அதற்குரிய விளக்கக் குரலையும் சேர்த்து, பத்து நிமிட அளவிலான சிறு காணொளிகளாக அத்திட்டம் வழங்குகிறது. படம் ஒன்றே, குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் மாறுகிறது.

அவர்களது முறையில் நாம் பின்பற்றத் தக்கவை மூன்று. முதலாவது, தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒரு பக்கம் திரையில் தெரிவதையும் மறுபக்கம் பேச வேண்டியதையும் முன்னதாகவே எழுதி வைப்பது. இரண்டாவது, விலையில்லாத திறந்த மென்பொருள்களை நாடுவது. மூன்றாவது, அப்பொருளை அறியாத புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதிப்பது. இம்மூன்றாவதே எனக்குப் பெரிதும் உதவியது. நான் செய்த காணொளியை நானே கணிப்பொறியில் பார்த்து நன்றென்று எண்ணியதுதானே முதற் பிழை!

செய்து பார்த்த முறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். 40 நிமிடப் பாடத்தை முழுவதும் மாற்றிப் பார்த்து நேரம் கழிப்பதைவிட, மூன்று வில்லைகளை மட்டும் தனிக் கோப்பாக்கி இரண்டு நிமிட மாதிரி செய்து பார்ப்பதே அறிவுடைமை. அம்மூன்றும் எளிய வில்லைகளாக இருக்கக் கூடாது. இடர் தரக்கூடியவையாக இருக்க வேண்டும்.

நான் தேர்ந்தவை இவை. பழைய எழுத்துருவில் அமைந்த வில்லை ஒன்று. புதுச்சேரிப் பகுதி தனித்தனித் திட்டுகளாகச் சிதறிக் கிடப்பதைக் காட்டும் நிலப்படம் ஒன்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்ததைக் காட்டும் வில்லை ஒன்று. கடைசி வில்லையில்தான் ஐயாவின் விளக்கம் மிக நீண்டது.

நண்பர் ஒருவரின் உறவினரிடம் பவர்பாயிண்டின் புதிய பதிப்பு உரிமத்தோடு இருந்தது. அங்கே பழைய எழுத்துருவையும் நிறுவி, மாதிரியை 480, 720, 1080 என்னும் மூன்று அளவுகளில் எம்பி4 கோப்புகளாக எடுத்தேன். நண்பனிடம் மூன்றையும் கொடுத்தேன். 480 அளவில் நிலப்படத்தின் ஊர்ப்பெயர்கள் மங்கின. 720-க்கும் 1080-க்கும் அவனுடைய சிறு திரையில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே 720 என்று முடிவு செய்தோம். முழுப் பாடத்தையும் அவ்வளவில் எடுத்து, எஃப்எஃப்எம்பெக் கொண்டு மேலும் சுருக்கியபோது 96 எம்பி அளவில் அடங்கியது.

பழைய வில்லைகள் 4:3 அளவில் இருந்தமையால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. அதை மறைக்கப் படத்தை இழுத்து நீட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நீட்டினால் நிலப்படத்தின் வடிவமே மாறிவிடும் என்பதால் பட்டையை அப்படியே விட்டுவிட்டேன்.

புதிதாகக் குரல் பதிவோருக்கு ஒரு சொல். ஒரு வில்லை மறைந்து அடுத்தது தோன்றும் இடைவேளையில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை. ஆதலால் வில்லை முழுவதும் தோன்றிய பிறகே பேசத் தொடங்க வேண்டும். வாக்கியத்தை முடித்துச் சற்று நிறுத்தி, அதன் பின்னரே அடுத்த வில்லைக்குச் செல்ல வேண்டும். தவறினால் முதற் சொல்லோ கடைசிச் சொல்லோ விழுங்கப்படும். அதை எந்த மாற்று மென்பொருளாலும் மீட்க முடியாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. உரிமம் பெற்ற பவர்பாயிண்ட் இருப்பின் அதன் ஏற்றுமதி வசதியே நேரிய வழி. அது இல்லாதபோது படத்தையும் குரலையும் பிரித்தெடுத்து இலவச மென்பொருளால் கோப்பது நம்பத்தக்க வழி. இரண்டும் இயலாதபோது திரைப்பதிவு துணை செய்யும். எதைத் தேர்ந்தாலும் இரண்டு நிமிட மாதிரியை, கேட்கப்போகிறவரின் கைப்பேசியில் சோதித்த பின்னரே முழு வேலையில் இறங்க வேண்டும். காணொளி கிடைத்துவிட்டதென்று மூலக் கோப்பை அழித்துவிடவும் கூடாது. மென்பொருள்கள் மாறும், நாளை இதைவிட நல்ல முறை வரும். அப்போது தேவைப்படுவது மூலப் படவில்லையும் மூலக் குரலும்தான். ஐயாவின் கோப்பை நான் மூன்று இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன்.

தேர்வுக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் நண்பனிடமிருந்து செய்தி வந்தது. உணவு இடைவேளையில் இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பாடம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தான். "கீழூர் கணக்கு தெளிவாத் தெரியுது. ஐயா பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்குடா" என்று எழுதியிருந்தான். அதை ஐயாவிடம் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கித் தம் குரலைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மெலிந்த குரலில், "பதினேழாவது வில்லையில ஒரு ஆண்டு தப்பாச் சொல்லியிருக்கேன் போலிருக்கே" என்றார்.

தப்பாகச் சொன்ன ஆண்டைத் திருத்திக் காணொளியின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குரலில் கை வைக்கவில்லை. இப்பாடம் வேண்டும் தோழர்கள் எங்கள் துறையில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தத்தம் துறைகளில் இவ்வாறு முடங்கிக் கிடக்கும் பேசும் படவில்லைகள் இருப்பின், அவற்றையும் காலம் தாழ்த்தாது காணொளியாக்க முன்வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.